மருந்தின் சொந்தப் பெயரைக் கேளுங்கள்

(கண்டிப் பகுதித் தோட்டமொன்றில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்ட டிஸ்பென்சரியில் பல வருஷம் மருந்து கொடுத்தவன் நான். ஒரு நாள் ஓர் அக்கா துண்டும் கையுமாக வந்தார். "பிள்ளைக்கு டவுன்ல எழுதுன மருந்து தம்பி. காசு பத்தல, பாதிதான் வாங்கினேன்" என்று அழுதார். துண்டில் இருந்தது ஒரு கம்பனி வைத்த பெயர். மருந்து என்னவோ அமொக்சிசிலின்தான். அது என் அலுமாரியிலேயே இருந்தது!

ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், பெரட்டில் ஒரு பெயர் இல்லையா? மருந்தும் அப்படித்தான். பனடோல் என்பது கம்பனிப் பெயர். பரசிட்டமோல் என்பது சொந்தப் பெயர்.

இதை நாட்டுக்கே எடுத்துச் சொன்னவர் பேராசிரியர் சேனக பிபிலே. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். 1971இல் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. அதன் முதல் தலைவரும் அவரே.

அவர் செய்தது என்ன? தனியார் இறக்குமதி செய்துவந்த சுமார் 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார். நாடு முழுவதற்கும் தேவையானதைச் சொந்தப் பெயரிலேயே உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்க வழி செய்தார். பல கம்பனிகள் போட்டி போட்டதால் விலை இறங்கியது. பெரிய கம்பனிகள் சும்மா இருக்கவில்லை, கடுமையாக எதிர்த்தன. 1977இல் கயானா நாட்டில் பணியில் இருந்தபோது அவர் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனமும் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

அவர் கேட்டதில் ஒரு பங்கு 2015ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் வந்துவிட்டது. டாக்டர் துண்டில் மருந்தின் சொந்தப் பெயரை எழுத வேண்டும் என்கிறது அது.

ஆகவே தோழர்களே, துண்டு வாங்கும்போதே "இதோட சொந்தப் பெயர் என்னங்க?" என்று கேளுங்கள். பாமசியில் "இதே மருந்து விலை குறைவா இருக்கா?" என்று கேளுங்கள். அரச ஒசுசலவிலும் விசாரியுங்கள். நீங்களாக மருந்தை மாற்றவோ, பாதியில் நிறுத்தவோ வேண்டாம். காசு போதாவிட்டால் வெட்கப்படாமல் முதலில் டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

கேட்பது பிச்சை அல்ல, உரிமை. ஒரு நாள் பேருக்காக நாம் எவ்வளவு மலை ஏறுகிறோம்! அந்தக் காசு வெறும் பெயருக்குப் போகக் கூடாது.