முதலில் அப்சர்வேஷன் நோட்டு!

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. நான் நடத்துவது ஒரு சின்ன டைப்பிங், ஜெராக்ஸ் கடை. அதனால் கடையில் நடந்த ஒன்றையே சொல்லிவிட்டு இறங்கி விடுகிறேன்.

பௌதிக லேபில் நம் பேராசிரியர் அப்சர்வேஷன் நோட்டைக் கேட்பாரே, நினைவிருக்கிறதா? "விடை அப்புறம் வரட்டும், நீ என்ன பார்த்தேன்னு முதல்ல எழுது" என்பார். அதன் அருமை எனக்கு விளங்கியது 2020 ஆகஸ்டில்தான்.

கடைக் கம்ப்யூட்டரில் உபுண்டு 18.04 ஓடிக் கொண்டிருந்தது. உபுண்டுவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு ஏப்ரலில் வரும். முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் பழைய நீண்டகாலப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு "மேம்படுத்தலாமா?" என்று திரையில் கேட்கும். அப்படி 20.04-க்கு அழைப்பு வந்தது. ஊரடங்கில் கடையில் கூட்டமில்லை. பேக்கப் எடுக்காமலே "சரி" என்று அமுக்கி விட்டேன். ராத்திரி மறுபடி ஆன் செய்தால் திரை கறுப்பு. ஒன்றுமே வரவில்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது கம்ப்யூட்டருக்காக அல்ல. எம்.ஃபில். மாணவி ஒருவரின் ஆய்வேடு அதற்குள் இருந்தது. நூற்றுச் சொச்சம் பக்கம் தமிழில் அடித்து, திருத்தமும் முடித்திருந்தேன். வேறு பிரதி கிடையாது. காலையில் அந்தப் பெண் போன் செய்து, "அண்ணா, பிரிண்ட் எப்ப எடுக்கலாம்?" என்று கேட்டபோது, "நாளைக்கும்மா" என்று பொய் சொன்னேன்.

பக்கத்துத் தெரு சர்வீஸ்காரர், "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்றார். மனசு கேட்கவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டிய காலம் அது. கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டு எங்கே போவது? நம் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் ஒரு தம்பியின் நம்பர் கொடுத்தான். உபுண்டு பயன்படுத்துகிறவர்களுக்குக் காசு வாங்காமல் உதவுகிற தன்னார்வலர். பகலில் எங்கோ வேலை பார்க்கிறவர்.

நான் அனுப்பிய செய்தி இதுதான்: "சிஸ்டம் அவுட். அவசரம். உடனே உதவவும்."

ராத்திரி பத்து மணிக்குப் பதில் வந்தது. "சார், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போனீங்க? நடுவில் கரண்ட் போச்சா? கடைசியாகத் திரையில் என்ன தெரிந்தது? கிராஃபிக்ஸ் கார்டு என்ன? பேக்கப் இருக்கா?" ஐந்து கேள்வி. எனக்குத் தெரிந்த விடை ஒன்றரை! அப்போதுதான் லேப் ஞாபகம் வந்தது. ஒரு தாளை எடுத்து, நடந்ததை வரிசையாக எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

அதைப் பார்த்ததும் அவர் பிடித்து விட்டார். "டிஸ்க்கில் கை வைக்காதீங்க. ஃபைல் எல்லாம் இருக்கும். திரைக்கான டிரைவர்தான் புதிய கெர்னலோடு ஒத்துப் போகவில்லை என்று நினைக்கிறேன்" என்றார். ஆன் ஆகும்போதே ஷிஃப்ட் விசையை அழுத்தி மெனுவை வரவழைத்து, ரெகவரி மோடுக்குள் போகச் சொன்னார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. சரிசெய்யும் வேலையை அவர் உடனே தொடங்கவில்லை. "முதலில் அந்த ஆய்வேட்டைப் பென்டிரைவில் எடுங்க. மற்றது நாளைக்கு" என்றார். மறுநாள் அவர் சொன்ன மூன்று கட்டளைகளில், கார்டு நிறுவனத்தின் பழைய டிரைவரை நீக்கி, நூவோ என்ற இலவச டிரைவருக்கு மாறினேன். திரை வந்து விட்டது. அந்த நூவோவும் தன்னார்வலர்கள் தொடங்கி வைத்த வேலைதான் என்று பிறகு அறிந்தேன்.

இனி என் தவற்றையும் சொல்ல வேண்டும். திரை வந்ததும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கினேன், அந்தத் தம்பியை மறந்தே போனேன். நான்கு நாள் கழித்து அவரே கேட்டார்: "சார், என்ன ஆச்சு? சரியாச்சா? சொன்னீங்கன்னா, இதே கார்டு வைத்திருக்கும் இன்னொருத்தருக்கும் அதையே சொல்லலாம்." வெட்கமாகிப் போனது. அவர் என்னிடம் நன்றியைக் கேட்கவில்லை. சோதனையின் முடிவைக் கேட்டார். லேபில் முடிவு எழுதாத ரெக்கார்டுக்குக் கையெழுத்து கிடைக்குமா?

மாணவச் செல்வங்களே, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச ஆதரவு நின்று விட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது கிடையாது. உங்களில் சிலர் லினக்ஸுக்கு மாறுவீர்கள். சிலருக்குத் திரை கறுப்பாகும். பயப்படாதீர்கள். உதவ ஆள் உண்டு. ஆனால் அவர் சம்பளத்துக்கு வந்தவர் அல்ல; தன் தூக்கத்தைக் கொடுப்பவர். பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். "உடனே" என்று விரட்டாதீர்கள். சரியானதும், ஆகாவிட்டாலும், போய்ச் சொல்லுங்கள்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நம்மில் விவரம் தெரிந்த நாலு பேர் கல்லூரி லேபில் உட்கார்ந்தால் போதும். நான் வருகிறேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் அந்த ஐந்து கேள்வியையும் கேட்க எனக்கு இப்போது தெரியும்.