செல்லுக்குள்ளே போன நம்ம கணக்கு நோட்டு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் குழுக் கணக்காளர்கள் சார்பில் பேசியது)



"இணையதளமும் புதிய தொழில்நுட்பமும் சமுதாயத்தை எப்படி மாற்றுகிறது" என்று எங்களுக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நாங்க என்ன கம்ப்யூட்டர் படிச்சவங்களா? குழுக் கணக்கு எழுதுறவங்க. அதனாலே எங்க கையிலே பட்டதையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்றோம். முதலில் எங்க தப்பையே சொல்லிடறோம்.

நம்ம கூட்டமைப்பில் கணக்கை செல்போனில் பதிய ஆரம்பித்த புதுசு. எங்களில் ஒருத்திக்கு அந்தச் சின்னக் கட்டத்தில் தொட்டுத் தொட்டுப் பதிய வரல. பத்தாவது படிக்கிற மகன் பதிந்து கொடுத்தான். மலைக் குழு ஒன்றில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருத்தங்க கட்டின தவணையைப் பையன் இன்னொருத்தங்க பேரில் ஏற்றிவிட்டான். மூணு மாசம் இப்படியே போச்சு. ஒழுங்காகக் கட்டினவங்க பேருக்கு நேரே "நிலுவை" என்று வந்தது. அடுத்த சுற்றுக் கடனில் அவங்க பேரை நிறுத்தி வைத்தார்கள். மரவள்ளி நடுற நேரம் அது. பணம் கிடைக்காமல் வெளியே வட்டிக்கு வாங்கினாங்க.

அந்த அக்கா கூட்டத்தில் வாயே திறக்கல. "செல்லுலே அப்படித்தான் வருதாம், நான்தான் மறந்திருப்பேன் போல" என்று பக்கத்தில் சொல்லியிருக்காங்க. காசு கட்டினவங்களே தன் மேலே சந்தேகப்படுற அளவுக்கு அந்தச் சின்னத் திரைக்கு அவ்வளவு மரியாதை! நாலாவது மாசம் இன்னொரு உறுப்பினர் பழைய பெரிய நோட்டை எடுத்து வந்து "இதோ கையெழுத்து இருக்கே" என்று காட்டின பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. மன்னிப்புக் கேட்டோம். கடனும் கொடுத்தாச்சு. ஆனால் வெளியே கட்டின வட்டி போனது போனதுதான்.

நோட்டில் தப்பு நடந்தால் அடித்து எழுதின தடம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூட பக்கத்தில் உட்கார்ந்து "என் பேருக்கு நேரா என்ன போட்டே, படி" என்று கேட்பாங்க. செல் என்றால் ஒருத்தர் கைக்குள்ளே போய்விடுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் மற்றதை எல்லாம் நாங்க யோசித்தோம்.

சகோதரிகளே, 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்தார்கள். அதற்கு அடுத்த கட்டமாக சேலத்துக்கும், அன்றைக்கு நாம் சேர்ந்திருந்த தென்னார்க்காட்டுக்கும் வந்தது. அப்போது நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கையெழுத்துப் போடுவது. கைநாட்டு வைக்கிறவங்களை கையெழுத்துக்குக் கொண்டு வந்தோம். இப்போ பாருங்க, மறுபடி கைநாட்டு! ரேஷன் கடையிலும் பணம் எடுக்கிற இடத்திலும் மிஷினில் விரலை வைக்கச் சொல்றாங்க. களை எடுத்து, புளி உடைத்து, கரும்பு வெட்டித் தேய்ந்த விரலை அந்த மிஷின் தெரியாது என்கிறது. ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர் விரலை அது ஒரே தடவையில் கண்டுபிடித்துவிடும். மிஷின் ஆளைப் பார்த்து ஓரவஞ்சனை பண்ணல. அதைச் செய்தவங்க எந்த விரலை மனசில் வைத்துச் செய்தாங்க என்பதுதான் விஷயம்.

யோசித்துச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு பக்கத்திலேயே புதுச்சேரியில் உதாரணம் இருக்கு. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போகல. ஊர் ஜனங்களிடம் முதலில் என்ன தகவல் வேணும் என்று கேட்டார்கள். இடம் ஊர் தரணும், எந்த சாதிக்காரரும் உள்ளே வரலாம் என்று ஒத்துக்கணும். எம்பலம் கிராமத்தில் மையம் கோயில் இடத்திலேயே நடந்தது. பெண்கள் நடத்தினார்கள். வீராம்பட்டினம் மீனவர் ஊரில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரத்தைத் தமிழில் எழுதி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படிக்கத் தெரியாதவங்களுக்கும் காது இருக்கே.

அதே முறையில் மையம் இருந்த இன்னொரு ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் விஷயம் தெரிந்து ஊருக்குப் போன் போட்டார். மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் ஓடச் சொல்லி அறிவித்தார்கள். ஜனங்க ஓடித் தப்பிச்சாங்க. ஒரு போன் ஒருத்தர் காதுக்குத்தான். ஊர் முழுக்கக் கேட்க ஒலிபெருக்கி வேண்டியிருந்தது.

மதுரை மேலூரில் 2001-இல் சென்னை ஐ.ஐ.டி. முயற்சியில் கிராமத்துக்குக் கிராமம் இணைய நிலையங்கள் வந்தன. பிறப்புச் சான்று, சாதிச் சான்று எல்லாம் ஊரிலிருந்தே மனு போட்டார்கள். கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் நிறைய நிலையங்கள் கொஞ்ச வருஷத்தில் மூடிப் போச்சு. நடத்துகிறவருக்கு வருமானம் நிற்கணும், பழுது வந்தால் பார்க்க ஆள் வரணும். திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் பழுது பார்க்க வராது, நம்ம ஊர் கைப்பம்பு மாதிரிதான்.

நூறு நாள் வேலையில் நடந்ததை மலைக்காரங்களுக்கு நாங்க சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜனவரி 1 முதல் வருகையை ஆப்பில், போட்டோவோடு, காலையும் மதியமும் பதிவது நாடு முழுக்கக் கட்டாயமானது. சிக்னல் இல்லாத சரிவில் போட்டோவை ஏற்ற எங்கே போவது? வேலை செய்தும் கூலி விட்டுப்போன புகார் பல மாநிலத்தில் கிளம்பியது. அந்த வருஷம் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளிகள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். நல்ல டவர் இருக்கிற ஊரில் உட்கார்ந்து செய்த ஆப், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் எப்படி ஓடும் என்று செய்கிறதுக்கு முன்னாடி நடந்து பார்த்திருக்கணும்.

இன்னொன்று, சொல்லவே மனசு கனக்குது. 2022 ஜூலையில் நம்ம கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்து போனாள். பெற்ற வயிறு எப்படி எரியும் என்று நமக்குத் தெரியும். கேள்வி கேட்டது நியாயம். ஆனால் வாட்ஸ்அப்பில் உண்மையும் புரளியும் கலந்து சுற்றிச் சுற்றி வந்து, 17-ஆம் தேதி கூட்டம் கூடி, பஸ்கள் எரிந்தன. படிக்கிற பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. செய்தியை அனுப்பினது யார் என்று போலீஸ் செல்போனை வைத்தே தேடியது. சும்மா ஒரு தடவை அழுத்தி அனுப்பின வீட்டுப் பையன்களுக்காக எத்தனை தாய்மார் கோர்ட்டுக்கு அலைந்தாங்க! வாய்ப்பேச்சாக இருந்தால் சந்தையோடு முடிந்திருக்கும்.

இவ்வளவு சொன்னதால் செல்லே வேண்டாம் என்று சொல்ல வரல. இந்த வலைத்தளத்தை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ வேலை செய்த ஜெனீவா ஆராய்ச்சிக் கூடம் 1993-இல் அதை யாரும் காசு தராமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. அது யார் வீட்டுச் சொத்தும் இல்லை, நமக்கும் பங்கு உண்டு. தமிழும் அதில் தானாக வந்துவிடல. ஒரு காலத்தில் ஒருத்தர் அனுப்பும் தமிழ் இன்னொருத்தருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999-இல் சென்னையில் மாநாடு போட்டு தமிழ் விசைப்பலகைக்கு ஒரு பொது முறை வைத்தார்கள். பிறகு யூனிகோடு பரவியது. இன்றைக்கு மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுத்தாகவே விழுகிறது. அந்த மரவள்ளி அக்கா இப்போ அப்படித்தான் சென்னையில் இருக்கும் மகளுக்குச் செய்தி அனுப்புறாங்க. எங்களைவிட வேகம்.

பணம் விஷயம் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிடறோம். உரிமைத் தொகை என்றோ, குழுக் கடன் என்றோ பேர் சொல்லி யார் ஓடிபி கேட்டாலும் சொல்லாதீங்க. நம்ம கூட்டமைப்பிலிருந்து பேசுறோம் என்று சொன்னாலும் சொல்லாதீங்க, நாங்க கேட்க மாட்டோம். ஏமாந்துவிட்டால் வீட்டில் திட்டுவாங்க என்று மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. தாமதமானால் பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

கணக்காளர்கள் கூடிப் பேசி மூணு விஷயம் பொதுக்குழு முன்னால் வைக்கிறோம். செல்லில் பதிந்தாலும் பெரிய நோட்டு நிற்காது. பதிந்ததைக் கூட்டத்திலேயே ஒவ்வொரு பேராகச் சத்தமாக வாசிக்கணும், ஒரே பேர் என்றால் வீட்டுக்காரர் பேரோ ஊர்ப் பேரோ சேர்த்து. மகனோ தம்பியோ பதியக் கூடாது. எங்களுக்குத் தெரியாவிட்டால் பயிற்சி கேட்டு வாங்குகிறோம். மாற்றம் இருந்தால் சொல்லுங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம் தீர்மானம் எழுதலாம். அதுவரைக்கும் பாஸ்புக் கையில் இருக்கிறவங்க ஓரமாகப் போட்டிருக்கிற மேசைக்கு வாங்க, இன்றைக்கே ஒத்துப் பார்த்துடலாம். மலைக் குழுக்களை முதலில் விடுங்க, அவங்களுக்கு பஸ் மூணு மணிக்கு.