பிள்ளை மனமும் சித்திரக் கலையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். மனநலம் என்றதும் நம்மிற் பலர் பைத்தியம், ஆசுபத்திரி என்றே எண்ணி முகஞ் சுளிக்கின்றோம். உடலுக்குக் காய்ச்சலும் தடிமனும் வருதல்போல மனத்துக்கு அச்சமும் துயரும் கோபமும் வருகின்றன. அவற்றை இன்னவை என்று அறியவும், பிறரிடம் சொல்லவும், ஆறவும் பழகுதல் மனநலத்தின் முதற் பாடமாகும்.

என் பிழையொன்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டிலே, கரையோரக் கிராமம் ஒன்றில் நடந்த சித்திரப் போட்டிக்கு நான் நடுவராக இருந்தேன். தலைப்பு, 'எங்கள் ஊர்'. ஒரு சிறுவன் தாள் முழுவதையும் கறுப்பால் நிரப்பி, மூலையிலே சிறு வீடொன்று கீறியிருந்தான். 'நிறந்தீட்டத் தெரியாத பிள்ளை' என்று அதை ஒதுக்கிவைத்தேன். 2004 மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலையிலே தாயை இழந்தவன் அவன் என்பது பரிசளிப்பு முடிந்த பின்னரே தெரியவந்தது. அவன் தன் துயரைச் சொல்லியிருந்தான்; நானோ புள்ளியிட்டுக்கொண்டிருந்தேன்.

'உனக்கு என்ன துக்கம்?' என்று கேட்டால் பிள்ளை தலை குனியும். மறைக்கும் எண்ணத்தாலன்று, சொல்லுதற்குச் சொல் இல்லாமையால். நிறப்பென்சிலும் களிமண்ணும் கொடுத்துப் பாருங்கள். வாய் சொல்லாததைக் கை சொல்லும்.

இவ்வழியிற் சென்றோர் நம் நாட்டிலேயே உளர். போர் நடந்த காலத்தில், 1996இல், மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடிய ஓவியர் போல் ஹோகனும், இயேசு சபைத் துறவியாகிய போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதற்கு முன்னின்றனர். போரினால் துயருற்ற தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் கூடிச் சித்திரம் வரைந்தனர், களிமண் பிசைந்தனர், கதை சொன்னனர், நாடகம் ஆடினர். ஒருவரையொருவர் அஞ்சிய ஊர்களின் பிள்ளைகள் ஒரே நிழலிலிருந்து விளையாடுவதும் மருந்தன்றோ!

நம் சங்கம் செய்யக்கூடியது யாது? மாதத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை இதற்கென ஒதுக்குவோம். முதலிற் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, 'இன்று மனம் எப்படி?' என்று ஒவ்வொருவரும் விரும்பினால் மட்டும் சொல்லச் செய்வோம். பின் நீண்ட தாளொன்றை விரித்து, எல்லோருமாக ஒரே சித்திரம் வரையட்டும். முடிவிற் கிளித்தட்டு ஆடட்டும். முறைக்குக் காத்திருத்தலும், தோல்வியைத் தாங்கலும், தோற்றவனைத் தேற்றலும் அங்கே தாமே வரும். 'இது பிழை' என்று திருத்தாதீர்கள். 'இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா?' என்று கேட்டு, சொல்வதைச் செவிமடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாம் வைத்தியரல்லர். ஒரு கறுப்புச் சித்திரத்தைக் கண்டு நோயென்று தீர்ப்புக் கூறலாகாது. ஆனால் பிள்ளை வாரக்கணக்காக உறங்காமலும் உண்ணாமலும் ஒதுங்கியும் இருந்தால், தாய் தகப்பனுக்கு அறிவித்து, மனநல வைத்தியரை நாடச் செய்ய வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உதவிக்கு உண்டு.

'புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதே, படிப்புக் கெடாதா?' என்று பெரியோர் கேட்கலாம். அஞ்சிய மனத்திற் பாடம் தங்காது. மாதத்தில் ஒரு பிற்பகல் கொடுப்பது படிப்புக்கும் துணையே.

வாலிபர்களே, வருடாந்தச் சித்திரப் போட்டியை நடத்துங்கள், பரிசும் கொடுங்கள். ஆயின், பரிசில்லாத, நடுவரில்லாத ஒரு நாளையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அன்று அந்தச் சிறுவனின் அருகிலிருந்து கேட்கத் தவறிய எனக்கு, அதுவே சிறு பிராயச்சித்தமாகும்.