புதிய பாட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்தவர்கள்

(கலைக்கல்விப் பயிற்சி முகாமில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் நெருங்குகிறது. பல பள்ளிகளில் கிறிஸ்துமஸ் விழாவுக்கான ஒத்திகை தொடங்கியிருக்கும். என்ன பாட்டு என்று கேட்டால், பெரும்பாலும் போன ஆண்டுப் பட்டியல்தான் இந்த ஆண்டும். "பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டாக இருந்தால்தான் சார் சரிப்படும்" என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறேன். அதற்காக உங்களைக் கொஞ்ச நேரம் இங்கிலாந்துக்கு அழைத்துப் போகிறேன்.

1942ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. பெஞ்சமின் பிரிட்டன் என்ற 28 வயது இசையமைப்பாளர் அமெரிக்காவிலிருந்து தாய்நாடு திரும்புகிறார். அவர் ஏறியது ஆக்செல் ஜான்சன் என்ற ஸ்வீடன் நாட்டுச் சரக்குக் கப்பல். அட்லாண்டிக்கில் எந்த நேரமும் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கலாம் என்ற நிலை. வழியில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் அவர் ஒரு பழைய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பை வாங்குகிறார். கப்பலிலேயே அந்தக் கவிதைகளுக்கு இசையமைக்கிறார். அப்படிப் பிறந்ததுதான் 'எ செரிமனி ஆஃப் கரோல்ஸ்'. உயர்ந்த குரல்கள், கூடவே ஒரே ஒரு ஹார்ப் வாத்தியம். அவ்வளவுதான்.

முதலில் அதைப் பாடியவர்கள் பெண்கள். ஆனால் 1943 டிசம்பரில், லண்டன் விக்மோர் அரங்கில், வேல்ஸ் நாட்டு மோரிஸ்டனைச் சேர்ந்த சிறுவர் பாடகர் குழு அதைப் பாடியது. மோரிஸ்டன் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். பேராலயத்து மாணவர்கள் அல்லர் இவர்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டதோ மை உலராத புது இசை. பாட்டின் சொற்களோ சில நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலம். இடையில் லத்தீன் வேறு.

பிள்ளைகளால் எப்படி முடிந்தது? பிரிட்டன் கையாண்ட உத்தியைப் பாருங்கள். 'திஸ் லிட்டில் பேப்' என்று ஒரு பாட்டு அதில் வருகிறது. முதல் சரணத்தை எல்லாரும் ஒரே மெட்டில் பாடுகிறார்கள். இரண்டாம் சரணத்தில் ஒரு குழு தொடங்க, ஒரே ஒரு தட்டு தள்ளி இன்னொரு குழு அதே மெட்டைத் தொடங்குகிறது. மூன்றாம் சரணத்தில் மூன்று குழுக்கள், ஒன்றை ஒன்று துரத்துவதுபோல. கடைசிச் சரணத்தில் எல்லாரும் மறுபடி ஒன்றுசேர்கிறார்கள். கேட்பவருக்குப் பெரும் சிக்கலான இசையாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் கற்றுக்கொண்டது ஒரே மெட்டைத்தான்! தாளத்தை விடாமல், பக்கத்துக் குழுவின் சத்தத்தில் அடித்துச் செல்லப்படாமல் நிற்க வேண்டும் என்பது மட்டுமே சவால். இதில் எளிமைப்படுத்தல் எதுவும் இல்லை. குழந்தையால் எட்ட முடிந்த இடத்தில் கடினத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார், அவ்வளவே. பாடத்திட்டம் வகுப்பவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இரண்டாவது, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 1918ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அங்கே ஒரு ஆராதனை தொடங்கப்பட்டது. ஒன்பது வேதபாடங்கள், இடையிடையே கரோல் கீதங்கள். தொடங்கியவர் எரிக் மில்னர்-வைட். முதல் உலகப்போரில் படையினருக்குக் குருவாக இருந்து திரும்பியவர். 1928இல் பிபிசி அதை வானொலியில் ஒலிபரப்பத் தொடங்கியது. நம் ஊர் சபைகளிலும் டிசம்பரில் இந்த ஒழுங்கைப் பார்த்திருப்பீர்கள். பாடுபவர்களில் 16 பேர் சிறுவர்கள்.

இப்படிப் பெயர்பெற்ற ஒன்றை யாரும் தொட மாட்டார்கள். 1982இல் இசை இயக்குநராக வந்த ஸ்டீபன் க்ளியோபரி தொட்டார். 1983 முதல் ஒவ்வோர் ஆண்டும் வாழும் இசையமைப்பாளர் ஒருவரிடம் புதிய கரோல் ஒன்றைக் கேட்டு வாங்கி, பழைய கீதங்களுக்கு நடுவே வைத்தார். 1990இல் எஸ்டோனியாவின் ஆர்வோ பார்ட் எழுதித் தந்தது பழைய ஸ்லாவிய வழிபாட்டு மொழியில். இரண்டு நிமிடம்கூட வராது. ஆங்கிலச் சிறுவர்கள் அதை அம்மொழியிலேயே பாடினார்கள். இந்தப் புதுப் பாடல்கள் எல்லாமே காதுக்கு இனிமை என்று சொல்ல மாட்டேன். சிலவற்றை இரண்டாம் முறை கேட்க எனக்கு மனமில்லை. அதனால் என்ன? உலகம் முழுவதும் நேரலையில் கேட்கும்போது, இதுவரை யாரும் பாடாத ஒன்றைப் பாட ஒரு பத்து வயதுப் பிள்ளையை நம்பினார்களே, அதைத்தான் நான் பார்க்கிறேன்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆராதனை ஒரு சிறுவனின் தனிக்குரலில் தொடங்கும். அவன் யார் என்பது ஒலிபரப்பு தொடங்கும் நேரம்வரை அவனுக்கே தெரியாது. சிலர் தயாராக நிற்பார்கள். இயக்குநர் ஒருவனைக் கைகாட்டுவார். நாமோ ஒரு மாதம் முன்பே "நீதான் தனிப்பாட்டு" என்று ஒரு குழந்தையைச் சொல்லிவிடுகிறோம். அன்றோடு மற்றவர்கள் அந்தப் பாட்டை விட்டுவிடுகிறார்கள். தேர்வான குழந்தைக்கோ மாதம் முழுக்கப் பயம், காய்ச்சல். "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது" என்று சொல்லப்படும் பிள்ளைகளும் நம் வரிசைகளில் நிற்கிறார்கள். சொன்னவருக்கு அது அன்றே மறந்துபோகும்.

கிங்ஸ் கல்லூரியை நாம் அப்படியே பின்பற்ற முடியாது என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. அங்கே தினமும் பயிற்சி, தனிப் பள்ளி, சிறுவர்கள் மட்டும். நமக்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு பாடவேளை. அதையும் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். ஆனாலும் 'ஒரு தட்டு தள்ளி' என்ற உத்திக்குச் செலவே கிடையாது. ஏழாம் வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எந்தப் பாட்டின் முதல் இரண்டு வரியும் போதும். ஒரு தட்டு கடினமாக இருந்தால் முதலில் ஒரு வரி தள்ளித் தொடங்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரே இரைச்சலாகத்தான் இருக்கும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

இப்போது அந்த 'திஸ் லிட்டில் பேப்' பாட்டை ஒலிக்க விடுகிறேன். இரண்டாம் சரணத்தில் அடுத்த குழு எங்கே நுழைகிறது என்று மேசையில் தட்டிப் பாருங்கள்.