தொழிலும் தொண்டும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கிறித்தவர் தம் அன்றாட வேலையால் தமிழ்ப் பண்பாட்டிற்கு ஆற்றக்கூடிய பணி யாது? இதுவே எங்களுக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலே தமிழில் பாடுகின்றோம். திங்கட்கிழமை அலுவலகத்திற்கும் பட்டறைக்கும் சென்றதும் அந்தப் பாட்டு எங்கே போகின்றது? இவ்வினாவை முதற்கண் எங்களையே கேட்டுக்கொள்ளுகின்றோம்.

விடை காண, மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை (1826-1889) நினைக்கின்றோம். அவர் போதகர் அல்லர். நீதிமன்ற ஊழியத்தால் வாழ்ந்தவர். ஆங்கிலத்திலிருந்த தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாகத் தந்தார். 1879-இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். தமிழ் மக்களின் வழக்கை ஆங்கிலத்தில் வாதாடும் வழக்கத்தை அதனுள்ளும் கண்டித்தார். 1876-78 பஞ்சத்திலே கைப்பொருளை வாரி வழங்கினார். அதுகண்டு, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார், இக்கிறித்தவரைப் போற்றிப் பாடினார். பாரதியாரின் உள்ளத்தை வென்றது வாதமன்று; செயலேயாகும்.

அத்தகைய வேலை இன்று நம் வாசலிலேயே காத்துக் கிடக்கின்றது. தாராவியை மறுபடி கட்டுவதற்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கிற்று. எவர் எந்த ஆண்டு முதல் குடியிருக்கின்றார் என்பதைக் காட்டும் காகிதத்தைப் பொறுத்ததே வீட்டுரிமை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் தொழிலில் உழைத்து ஓய்ந்த முதியவர், மராத்தியிலோ ஆங்கிலத்திலோ அமைந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கின்றார். அதைப் படிக்கத் தெரிந்த எழுத்தரும் கணக்கரும் வழக்கறிஞரும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மிடையே இருக்கின்றனர்.

வாரத்தில் ஒரு மாலையேனும் அம்முதியவர் அருகே நாம் அமர்வோம். காகிதத்தின் பொருளை அவருக்குத் தமிழில் சொல்லுவோம். அவருடைய சமயத்தைக் கேட்க வேண்டா. கூலியும் கேட்க வேண்டா. இல்லாத உரிமையை உண்டென்று சொல்லி மகிழ்விக்காமலும், உள்ள உரிமையை மறைக்காமலும் இருத்தலே மெய்யான தொண்டு.

விழா மேடையில் மட்டும் புகழப்பெறும் மொழி நெடுநாள் வாழாது. ஏழையின் விண்ணப்பத்திற்கும் துணைநிற்கும் மொழியே வாழும். இப்பணியில் கிறித்தவராகிய நாங்கள் முந்திக்கொள்ள விழைகின்றோம். தமிழராகிய நீங்கள் அனைவரும் உடன் வருமாறு அழைக்கின்றோம்.