புலக் கொள்கை படிக்கும் பிள்ளைக்கு ஒரு வருஷம் கொடுங்கள்

(மாணவர்-பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சிக்குப் போகும் நம் பிள்ளைகள், முதல் வருஷத்தில் சந்திக்கும் கடினமான பாடம் சார்பியல் குவாண்டம் புலக் கொள்கை. சுருக்கமாக 'க்யூ.எஃப்.டி.' என்பார்கள். புத்திசாலிப் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் மனம் தளர்ந்து, "எனக்கு இது வராது" என்கிறார்கள். வீட்டில் நாமும் "அப்போதே சாஃப்ட்வேர் என்றோமே" என்கிறோம். அந்தப் பாடம் என்ன, ஏன் கடினம், எப்படிப் படிப்பது என்பதை இரு தரப்பாருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

1926-ல் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாடு அணுவை விளக்கிற்று. அதில் ஓர் எலெக்ட்ரான் என்று ஆரம்பித்தால் கடைசி வரை ஓர் எலெக்ட்ரான்தான். ஆனால் நிறையும் ஆற்றலும் ஒன்றே என்று ஐன்ஸ்டைன் 1905-லேயே காட்டிவிட்டார். போதிய ஆற்றல் இருந்தால் எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடியாகப் பிறக்கும். டிராக் 1928-ல் எழுதிய சமன்பாடு இதற்கு வழிகாட்டியது. 1932-ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டுபிடித்தார். துகள்களின் எண்ணிக்கையே நிலையில்லை என்றால், ஒற்றைத் துகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது அல்லவா?

ஆகவே புலத்தை அடிப்படையாகக் கொள்கிறோம். வீணைத் தந்தி அதிர்ந்தால் நாதம். தந்தியை விட்டு நாதம் தனியே இல்லை. அதுபோல, எங்கும் பரவிய ஒரு புலத்தின் அதிர்வே எலெக்ட்ரான். உலகத்து எலெக்ட்ரான்கள் எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரி இருப்பதற்கும் இதுவே காரணம்.

கடினம் எங்கே? தனித்தனியாகப் படித்த குவாண்டம் இயக்கவியல், சிறப்புச் சார்பியல், லாக்ராஞ்சியன் முறை, சிக்கலெண் தொகையீடு எல்லாம் இங்கே ஒரே நாளில் தேவைப்படுகின்றன. ஃபைன்மன் படங்கள் பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னும் ஒரு கணக்கு உண்டு. கண்ணி வரும் படங்களில் விடை முடிவிலி என்று வந்து நிற்கும். அதைச் சீர்செய்யும் ரீநார்மலைசேஷன் முறையைப் புரிந்துகொள்ளப் பல மாதம் ஆகும்.

பலன் என்ன? எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கு டிராக் சமன்பாடு தந்த மதிப்பில் 0.00116 பங்கு திருத்தம் வேண்டும் என்று 1948-ல் ஷ்விங்கர் கணக்கிட்டார். அவர் கல்லறையிலேயே அந்தச் சூத்திரத்தைப் பொறித்திருக்கிறார்கள். 2023-ல் வெளியான அளவீடு 0.00115965218059. மேற்கொண்டு வரும் படங்களையும் சேர்த்துக்கொண்டால், கணக்கு இந்த அளவீட்டை வியக்கத்தக்க நுட்பத்தோடு எட்டுகிறது. ஷ்விங்கரின் அந்த முதல் கணக்கை, பொறுமையாகப் படிக்கும் மாணவர் தன் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

மாணவர்களுக்கு மூன்று வார்த்தை. சேர்வதற்கு முந்தைய விடுமுறையில் சீரிசை அலையியற்றியையும் நான்கு பரிமாண வெக்டர்களையும் மறுபடி போட்டுப் பாருங்கள். பாடம் அங்கிருந்துதான் தொடங்கும். லாஹிரியும் பாலும் எழுதிய முதல்நிலைப் புத்தகத்தில் ஆரம்பித்து, பிறகு பெஸ்கின்-ஷ்ரோடர் புத்தகத்துக்குப் போகலாம். "எளிதில் காணலாம்" என்று புத்தகம் சொல்லும் ஒரு வரிக்குக் காகிதத்தில் மூன்று பக்கம் ஆகும்; ஆகட்டும். மூன்றாவது, தனியாகப் படிக்காதீர்கள். நான்கு பேர் சேர்ந்து, வாரம் ஒருவர் பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

இதற்கு மயிலாப்பூரே சாட்சி. அல்லாடி ராமகிருஷ்ணன் தம் ஏகாம்ர நிவாஸ் இல்லத்தில் இளம் மாணவர்களைக் கூட்டி வைத்துக் கொள்கைப் பௌதிகக் கருத்தரங்கு நடத்தினார். 1960-ல் நீல்ஸ் போர் அங்கே வந்து பார்த்து வியந்தார். 1962-ல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது.

இனி பெற்றோருக்கு. பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருஷம் ஆகும். முடித்த எல்லோருக்கும் பேராசிரியர் உத்தியோகம் கிடைப்பதில்லை. இதை மறைக்கக் கூடாது. அதே சமயம் பிள்ளை வீட்டுக்குப் பாரமும் இல்லை. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது; வீட்டு வாடகைப்படி தனி.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த முதல் வருஷத்தில் "எப்போது முடியும், எப்போது வேலை" என்று ஞாயிறுதோறும் போனில் கேட்காதீர்கள். பெண் குழந்தை என்றால், சரியாக அந்த வருஷம் பார்த்துத்தான் ஜாதகம் எடுக்கிறோம். அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ஒரு வருஷம் நன்றாக முயன்று, பிறகு "வேண்டாம்" என்று பிள்ளையே முடிவு செய்தால் அது அவர்கள் தீர்மானம். அந்த வருஷத்துக்குள் நம் அவசரத்தால் விட்டுவிட்டார்கள் என்று மட்டும் இருக்க வேண்டாம்.