கரை யாருக்கு?

(இடையஞ்சாவடியில் மாணவர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. ஆனா பஸ்ல வரும்போது ரெண்டு பசங்க பேசிக்கிட்டு வந்தாங்க. "பாண்டி பீச்சுக்குப் போலாம்டா, ஒயிட் டவுன் கடைங்க பக்கம் மட்டும் வேணாம், நம்மள ஒரு மாதிரி பாப்பானுங்க." கவிதையை மடிச்சு வச்சுட்டேன். அந்தப் பார்வையைப் பத்திப் பேசுவோம்.

புதுச்சேரியின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. கிழக்கே கடலோரம் பிரெஞ்சுக்காரன் குடியிருந்த வெள்ளை நகரம். மேற்கே கருப்பு நகரம். 1954-இல் அவன் அதிகாரத்தை விட்டுப் போனான். பேரை விட்டுவிட்டுப் போனான். வெட்கப்பட வேண்டிய அந்தப் பேர் இன்றைக்கு விடுதிப் பலகைகளில் விற்பனைச் சரக்கு.

இந்தக் கோட்டைப் பேசுகிறவர்கள் கருப்புக்குள் கிழிக்கப்பட்ட இன்னொரு கோட்டைப் பேசுவதில்லை. 1745-இல் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதுகிறார்: சம்பா கோயிலுக்குள்ளேயே ஒரு தடுப்புச் சுவர். ஒரு பக்கம் பறையர். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளையரும். நம்மவர்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். நகரத்தின் மையத்தில் சமமாக உட்கார வேண்டும் என்பது நமக்கு நேற்று வந்த ஆசை இல்லை.

அந்த நகரம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 1936 ஜூலை 30-இல் எட்டு மணி நேர வேலை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்களில் 12 பேரைச் சுட்டுக்கொன்ற ஊர் அது. 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டது. 2014 மழையில் இடிந்துவிழுந்த மேரி கட்டடமோ பழைய பிரெஞ்சு வடிவத்திலேயே கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. நடுவில், 2017-இல், ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலிலும் பேர் வந்தது. எதை எழுப்புவது, எதை இழுத்து மூடுவது என்பதில் இருக்கிறது அரசியல். நம்ம அப்பன்மார் வேலை பார்க்கப் போன ஊர், மத்தவங்க வேடிக்கை பார்க்க வர்ற ஊரா ஆயிடுச்சு.

எங்கம்மா சித்தாள். கடலோரத் தெருவில் ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்தபோது மாசக்கணக்கில் கலவை சுமந்தாங்க. பேங்க்ல வேலை கிடைச்சு, அதே கட்டடத்துக்கு அவங்களைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போனேன். வாசல்ல நின்னவர் கேட்டார்: "வேலைக்கா? பின்பக்கமாப் போங்க." அம்மா அவரைத் திட்டலை. சுவத்தைத் தடவிப் பார்த்துட்டு, "இது நான் சுமந்த கலவைடா" என்றாங்க. சாப்பிடாம வந்துட்டோம்.

பாண்டியில் வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். சென்னையில் வீட்டையே பெயர்த்து அனுப்பினார்கள். கூவம் நாறியபோது அதன் கரையில் வாழ்ந்தவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆற்றைச் சுத்தம் செய்து கரையில் பூங்காவும் நடைபாதையும் போடலாம் என்றதும் அவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார்கள். பட்டியலில் ஏறியவை பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். 2019 டிசம்பரில், படிப்பாண்டின் நடுவில், தீவுத்திடல் அருகே ஒரு குடியிருப்பை இடித்து மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல். வீட்டுவேலை போச்சு, மீன் வியாபாரம் போச்சு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போச்சு. அந்தக் குடியிருப்பின் பேர் சத்தியவாணி முத்து நகர். அமைச்சராக உயர்ந்த நம் இனத்துப் பெண்ணின் பேர்! பேருக்கும் பாதுகாப்பில்லை.

ஆறு சுத்தமாகட்டும். நாற்றத்தை நம்மைவிட அதிகம் சுவாசித்தவன் எவன்? ஆனால் ஆறு சுத்தமாவதற்கு ஏன் நாம் காணாமல் போக வேண்டும்? சாக்கடையைக் கொண்டுவந்து விட்டது குடிசையா, நகரமா?

1927-இல் மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் இறங்கியது தாகத்துக்காக மட்டும் இல்லை. தண்ணீரின் கரையில் எல்லா மனிதரையும் போல நிற்கும் உரிமைக்காக. அன்று சாதி நேராகத் தடுத்தது. இன்று திட்ட வரைபடமும் விலைப்பட்டியலும் வாசல்காரரின் பார்வையும் அந்த வேலையைச் செய்கின்றன.

இது நம்ம ஊருக்கு எப்ப வரும்னு கேக்காதீங்க, வந்துடுச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக விடுதிகள். கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவை வாழட்டும். நாளை அதன் கரையில் நடைபாதையும் படகுத்துறையும் வந்தால், மரக்காணம் உப்பளத்தில் கால் வெடிக்க நிற்கிற பெண்ணுக்கு அங்கே என்ன இடம்? என் கவுண்ட்டரில் தினமும் பார்க்கிறேன்: விடுதிக்காரருக்கு நாற்காலி போட்டுக் கடன், அவளுக்கு நகையை வைத்தால்தான் கடன்.

ஆகவே மாணவத் தோழர்களே, சேரியில் வீடு வீடாகப் போங்க. யாருக்குப் பட்டா இருக்கு, யாருக்கு இல்லை, எத்தனை வருஷமா குடியிருக்காங்க, கரையில் என்ன தொழில் செய்யறாங்கன்னு எழுதுங்க. அதைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்க. அவர்கள் பட்டியல் போடும் முன்னால் நம் பட்டியல் இருக்கணும்.

அப்புறம் அந்த ரெண்டு பசங்களுக்கு: ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். கடற்கரைச் சாலையில் அம்பேத்கர் மணிமண்டபம் இருக்கு. அங்கிருந்து கிளம்பி ஒயிட் டவுன் வழியாத்தான் நடக்கப் போறோம். அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன்.